‘தொடாதே’ என்று ஒட்டிவிட்டுப் போனவனே

நீதான் காரணம். உன் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, நீ குட்டையா நெட்டையா என்றுகூடத் தெரியாது. ஆனால் உன் கையெழுத்து எனக்கு என் சம்சாரத்தின் கையெழுத்தைவிட நன்றாகத் தெரியும். வெள்ளை பிளாஸ்திரியில் ஒரு துண்டு, சிவப்பு மை, ‘தே’யின் கொம்பு மட்டும் முட்ட வருகிற மாடு மாதிரி வளைந்து நிற்கும். ‘தொடாதே.’ அவ்வளவுதான். ஏன் தொடக்கூடாது, தொட்டால் என்ன ஆகும், யார் தொடலாம், ஒரு வார்த்தை கிடையாது. ராசிங்காபுரத்தில் ஒட்டினாய், போடிமெட்டில் ஒட்டினாய், சும்மா விட்டேன். போடியில் ஸ்டெல்லா அக்காவின் லேபிலும் ஒட்டினாய் பார், அதை மட்டும் என்னால் விட முடியவில்லை. அந்த லேபை இழுத்து மூடுகிற நிலைக்குக் கொண்டுவந்தது உன்னுடைய ஒரு துண்டு பிளாஸ்திரி.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். கிழட்டு மிஷின்கள் பிரிண்டரிடம் பேசுவதை நடுவில் புகுந்து ஒட்டுக்கேட்டுக் கம்ப்யூட்டரில் எழுதி வைக்கிறவன் நான். இதற்குப் படிப்பு கிடையாது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ரேடியோவில் ஆரம்பித்து, டிவியில் ஏச்சு வாங்கி, யுபிஎஸ்ஸில் ஷாக் வாங்கி, இங்கே வந்து நிற்கிறேன். இதைப் படிக்கிற நீங்கள் மோட்டார் மெக்கானிக்காக இருக்கலாம், ஒயர்மேனாக இருக்கலாம், ஆபீசில் அடுத்தவர் விட்டுப்போன பைலைத் திறக்கிறவராக இருக்கலாம். உங்களுக்கு முன்னாலும் ஒருத்தன் வந்து எதையோ செய்து வைத்துவிட்டுப் போயிருப்பான். அவனைத் திட்டிக்கொண்டேதான் நீங்களும் மத்தியானச் சோறு தின்கிறீர்கள். நாம் எல்லோரும் ஒரே கட்சி.

பிரிண்டர் வேஷம் கட்டும் டப்பா

பழைய பரிசோதனை மிஷினுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு சிநேகிதன்தான் உண்டு. பிரிண்டர். ரத்தம் பார்க்கிற மிஷினோ, பால் பார்க்கிற மிஷினோ, வேலை முடிந்ததும் அது பிரிண்டரைக் கூப்பிட்டு, ‘தயாரா இருக்கியா, காகிதம் இருக்கா’ என்று கேட்கும். ‘இருக்கு, சொல்லு’ என்று பதில் வந்தால்தான் மனதில் இருப்பதைக் கொட்டும். பிரிண்டர் செத்துப்போனால் மிஷின் ஊமை. புதுப் பிரிண்டர்களுக்கு இந்தப் பழைய பாஷை புரியாது. அங்கேதான் நான் நுழைவேன். என்னிடம் ஒரு சின்ன டப்பா இருக்கிறது. ஒரு பக்க ஒயர் மிஷினுக்கு, மறுபக்க ஒயர் கம்ப்யூட்டருக்கு. மிஷின் கேட்கும்போது, ‘நான்தான் பிரிண்டர், காகிதம் கட்டுக்கட்டா இருக்கு, சொல்லு ராசா’ என்று பொய் சொல்லும். கிழம் நம்பிவிடும். சொன்னதெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிடும்.

ஸ்டெல்லா அக்கா ஒரு திங்கட்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டார். ஏலக்காயில் பூச்சிமருந்து மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து ரிப்போர்ட் கொடுக்கிற லேப் அவருடையது. ஒரே மிஷின், அஞ்சு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். எட்டு மாசமாகப் பிரிண்டர் ஓடவில்லை. மிஷினின் சின்னத் திரையில் தெரிகிற எண்களைப் பாண்டியம்மாதான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். மிஷின் வந்த நாளிலிருந்து அதை ஓட்டுகிறவள் அவள். இப்போது சரக்கு வாங்குகிற கம்பெனிக்காரர்கள் கண்டிஷன் போட்டுவிட்டார்கள். கையால் எழுதியது செல்லாது, மிஷின் சொன்னது சொன்னபடி கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்ப்போம், இல்லையென்றால் எல்லாச் சாம்பிளும் இனிமேல் கொச்சி லேபுக்கு. “கொச்சிக்குப் போச்சுன்னா நான் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்டா. இதுகளுக்கு நான் என்ன சொல்ல?” என்றார் அக்கா, அந்த அஞ்சு பேரையும் பார்க்காமல்.

நான் பேரம் பேசாமல் எந்த வேலையையும் எடுத்ததில்லை. பத்து நாள் கேட்டேன். அக்கா செவ்வாய்க்கிழமை என்றார். ஒரு மணி நேரம் இழுத்து, வியாழன் சாயங்காலத்தில் வந்து நின்றோம். போகிற வேகத்தில், “வியாழக்கிழமை ஓடலேன்னா என் கடை போர்டை நானே இறக்கிடுறேன்” என்று ஒரு வார்த்தையும் விட்டேன். கோபக்காரனுக்கு வாயில் பூட்டு கிடையாது. பிறகு கெத்தாக டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தேன். பாண்டியம்மா அதைப் பார்த்தாள், பீரோ உயரத்துக்கு நிற்கிற மிஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“இம்புட்டுப் பெரிய மிஷினை இந்தத் தீப்பெட்டியா தம்பி ஏமாத்தப்போவுது?”

எருமை பேசிய பாஷை

ஸ்டெல்லா அக்காவின் மிஷினுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். முதுகில் உன் பிளாஸ்திரி. எனக்குக் குப்பென்று வேர்த்துவிட்டது. ஏன் என்று தெரிய வேண்டுமானால் ராசிங்காபுரம் கதையைச் சொல்ல வேண்டும்.

ரெண்டு வருஷம் இருக்கும். ராசிங்காபுரத்துப் பால் சொசைட்டியில் கொழுப்புப் பார்க்கிற மிஷின். சீட்டு அச்சடிக்கிற பிரிண்டர் போய்விட்டது. என் டப்பாவை மாட்டினேன், எண்கள் அழகாகக் கம்ப்யூட்டருக்கு வந்தன. அத்தோடு மூட்டையைக் கட்டியிருந்தால் நான் மனிதன். மிஷினின் விலாவில் ‘தொடாதே’ என்று ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். யாருக்குடா சொல்கிறாய், எனக்கா? உரித்தேன். அடியில் ஒரு சின்ன சுவிட்சு. தள்ளினேன். அது மிஷின் பேசுகிற வேகத்தை மாற்றுகிற சுவிட்சு. மிஷின் எட்டுக்கால் பாய்ச்சலில் பேச, டப்பா பழைய வேகத்தில் கேட்க, கம்ப்யூட்டர் முழுக்கப் புள்ளியும் கோடும் முக்கோணமும் கப்பலும். திரும்பத் தள்ளலாம் என்றால் அது மூன்று நிலை உள்ள சுவிட்சு. எங்கே இருந்தது என்று பார்த்து வைக்கவில்லை.

வெளியே முப்பது பேர் பால் கேனோடு வரிசையில் நிற்கிறார்கள். செக்ரட்டரி என் சட்டையைப் பிடிக்காத குறை. நான் பதிலுக்குக் கத்த, அவர் கத்த, ஒரு வழியாகச் சுவிட்சு அதன் இடத்துக்குப் போனது. உன் பிளாஸ்திரியைப் பயபக்தியோடு திரும்ப ஒட்டினேன். அதற்குள் வரிசையில் முதலில் நின்ற வீரணன் பெரியவர் உள்ளே வந்து, திரையில் தன் பெயருக்கு நேரே கிடந்த கோலத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“எங்க வீட்டு எருமைக்குத் தமிழே அரைகுறைதான் அப்பு. இது எந்த ஊர்ப் பேச்சைப் பேசியிருக்கு?”

ரெட்டை ரத்தம்

அடுத்தது போடிமெட்டு. மலை மேல் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரி. காலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற பெண்களோடு ஜீப்பில் ஏறினேன். ஒன்பது பேர் உட்காருகிற ஜீப்பில் பதினேழு பேர். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் என் கம்ப்யூட்டர் பை ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குப் போய்வந்தது. மேலே போய் இறங்கும்போது அதில் யாரோ ரெண்டு தூக்குவாளியும் வைத்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரி லேபில் ஜோஸ் என்று ஒருத்தர். மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர். ரத்தம் பார்க்கிற மிஷினின் ஓரத்தில் அதே பிளாஸ்திரி, அதே மாட்டுக்கொம்பு ‘தே’. இந்தத் தடவை நான் புத்திசாலி. அடியில் சுவிட்சு இருந்தால் எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று போனைத் தயாராக வைத்துக்கொண்டு உரித்தேன். அடியில் சுவிட்சு இல்லை. ஒரு திருகாணி. விரல் பட்டதுதான் தாமதம், தோள்பட்டை வரைக்கும் யாரோ ஜவுளியை உதறுகிற மாதிரி உதறிவிட்டது. எர்த் ஒயர் அறுந்து கிடந்திருக்கிறது. நான் சுவரோரம் உட்கார்ந்திருக்க, ஜோஸ் நிதானமாகச் சொன்னார்: “ஆ, அது அடிக்கும் சேட்டா. அதான் நாங்க தொடறதில்ல. எழுதியிருக்கல்லோ.”

எர்த்தைச் சரிபண்ணி, டப்பாவை மாட்டினேன். புதுக் கூத்து. ஒவ்வொரு வரியும் ரெண்டு தடவை வந்தது. அந்தக் காலத்தில் எழுத்து அழுத்தமாகத் தெரிய வேண்டுமென்று மிஷின் ஒரே வரியை அதன் மேலேயே இன்னொரு தடவை அடிக்குமாம். காகிதத்தில் அது ஒரு கறுப்பு வரி. கம்ப்யூட்டரில் ரெண்டு வரி. அன்றைக்கே டப்பாவை ஒரு வரியை விழுங்க வைத்துவிட்டேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு ரிப்போர்ட் வெளியே போய்விட்டது. காலையில் ஜீப்பில் என் பையை மடியில் வைத்திருந்த செல்லத்தாயியுடையது. ரத்தத்தில் இரும்புச் சத்து அளவு எட்டுத்தான் இருந்தது. டாக்டர் சத்து மாத்திரை எழுதியிருந்தார். அவள் அந்தத் தாளோடு என்னிடம் வந்து நின்றாள்.

“ரெண்டு எட்டுப் போட்டிருக்குண்ணே. கூட்டுனாப் பதினாறு. பெறகு எதுக்கு எனக்கு மாத்திரை?”

பட்டுத் திருந்தியவன்

இப்போது புரிகிறதா, ஸ்டெல்லா அக்காவின் மிஷின் முதுகில் அந்தத் துண்டைப் பார்த்ததும் எனக்கு ஏன் வேர்த்தது என்று? ஒரு தடவை தொட்டு மானம் போனது. இன்னொரு தடவை தொட்டு உயிர் போகப் பார்த்தது. மூன்றாவது தடவையும் தொட நான் என்ன கிறுக்கனா? திருந்திவிட்டேன். அந்தப் பக்கமே கையைக் கொண்டுபோகாமல், டப்பாவை மாட்டி, பாண்டியம்மாவை ஒரு சாம்பிளை ஓட்டச் சொன்னேன். நாற்பது நிமிஷம் ஓடியது. திரையில் எண்கள் வந்தன. கம்ப்யூட்டரில் ஒன்றுமில்லை. ஒரு புள்ளி, ஒரு கோடு, ராசிங்காபுரத்து எருமை பேசியதில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

ஒயரை மாற்றினேன். டப்பாவை மாற்றினேன். கம்ப்யூட்டரை மாற்றினேன். செவ்வாய்க்கிழமை முழுக்க இதே. ஒவ்வொரு தடவையும் நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷமும் அஞ்சு பெண்களும் வேலை செய்கிற மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்குக் கோபம் வந்தால் கழுத்து நரம்பு புடைக்கும். ஒருத்தி, “நரம்பு வந்துருச்சு, தண்ணி கொண்டா” என்று உள்ளே குரல் கொடுக்கிற அளவுக்குப் பழகிவிட்டார்கள்.

கடைசியில் மிஷினைச் செய்த கம்பெனிக்கே போன் போட்டேன். மூன்று பெண்கள், ரெண்டு பாட்டு, ஒன்றை அமுக்கு, நாலை அமுக்கு எல்லாம் தாண்டி ஒரு என்ஜினீயர் கிடைத்தார். மாடல் நம்பரைச் சொன்னேன். மறுமுனையில் தட்டுகிற சத்தம். பிறகு இன்னொரு தடவை நம்பரைக் கேட்டார். மரியாதையான பிள்ளை, சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் பேசினார். “உங்க கம்பெனி மிஷினைப் பத்தி உங்களுக்கே தெரியலேன்னா எனக்கு யாருய்யா சொல்றது?” என்று நான் பாய்ந்தேன்.

“சார், அந்த மிஷின் உங்க ஊருக்கு வந்தப்ப நான் இந்த உலகத்துக்கே வரலை சார்.”

போனவள் திரும்பினாள்

புதன்கிழமை. எனக்கு ஒரு யோசனை. என் டப்பாவின் மேல் சந்தேகம் இருந்தால், நிஜப் பிரிண்டரை மாட்டிப் பார்த்துவிட வேண்டியதுதான். அதே பழைய ஊசிப் பிரிண்டர் எங்கே கிடைக்கும்? தேனி ரோட்டில் குமரேசனின் காயலான் கடையில். போனேன். சைக்கிள் ரிம்முக்கும் உடைந்த ஏர்கூலருக்கும் நடுவில் ஒன்று குப்புறக் கிடந்தது.

“இது ஓடுமா?”

“ஓடுற பிரிண்டரை எவன்ணே காயலான் கடைல போடுவான்?”

“ஓடாததை எவன்யா வாங்குவான்?”

“நீங்க வந்திருக்கீகல்ல.”

இப்படி அரை மணி நேரம். நான் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினேன், அவன் கண்டுகொள்ளாமல் தராசில் பித்தளையை வைத்தான். தராசின் எண் பலகை அணைந்து அணைந்து எரிந்தது. பிடித்தேன் அவனை. “இந்தத் தராசைச் சரிபண்ணித் தர்றேன். பிரிண்டர் எனக்கு.” அவன் தலையைச் சொறிந்தான். “தராசு சரியாயிட்டா எல்லாரும் எடையை நம்பிருவாகளேண்ணே, பெறகு எனக்கு என்ன பேச்சு இருக்கு?” என்றான். இருந்தாலும் சம்மதித்தான். விட்டுப்போன ஒயரில் ஒரு சால்டர் பற்று, பத்து நிமிஷம், தராசு எரிந்தது. பிரிண்டரை வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். அதன் நெற்றியில் காய்ந்துபோன ஒரு சந்தனப் பொட்டு இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

லேப் மேஜையில் வைத்து, பட்டனை அமுக்கிக்கொண்டே கரண்ட் கொடுத்தேன். அப்படிக் கொடுத்தால் இந்த வகைப் பிரிண்டர்கள் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். கிர்ர்ர் என்று ஒரு சத்தம். ரிப்பன் காய்ந்திருந்தாலும் காகிதத்தில் ஊசி குத்திய எழுத்துகள் வரிசையாக விழுந்தன. பிரிண்டர் உயிரோடுதான் இருக்கிறது. மிஷினோடு மாட்டி ஒரு சாம்பிளை ஓட்டினோம். அசையவில்லை. அப்படியென்றால் கோளாறு என் டப்பாவில் இல்லை, எந்தப் பிரிண்டரிலும் இல்லை. மிஷினுக்குள் இருக்கிறது. இதை நான் பெரிய கண்டுபிடிப்பாக அக்காவிடம் விளக்கிக்கொண்டிருக்கும்போது பாண்டியம்மா பிரிண்டரின் கன்னத்தைத் தடவினாள்.

“இது நம்ம பிரிண்டருல்லக்கா. நல்லா இருந்த கழுதையைத்தான் செத்துப்போச்சுன்னு தூக்கிப் போட்டிருக்கோம்.”

பொட்டு வைத்த இடம்

வியாழக்கிழமை மத்தியானம். சாயங்காலத்துக்கு மூன்று மணி நேரம் பாக்கி. என் கடை போர்டில் ‘எல்லாவித’ என்று ஆரம்பிக்கிற எழுத்துகள் கண் முன்னால் வந்து வந்து போயின. வேறு வழி இல்லை. மிஷினின் முதுகுக்குப் போனேன். ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டேன், கையில் சமையல் உறை மாட்டிக்கொண்டேன், டெஸ்டரால் தட்டிப் பார்த்தேன். ஷாக் இல்லை. அப்போதுதான் பிளாஸ்திரியை முதல்தடவையாகக் கிட்டத்தில் பார்த்தேன். ‘தொ’வுக்கும் ‘டா’வுக்கும் நடுவில் வட்டமாக ஒரு சந்தனம், அதன் மேல் குங்குமம். புதுசு இல்லை, அடுக்கடுக்காக.

“பாண்டியம்மா, இது என்னது?”

“பொட்டு.”

“அது தெரியுது. இங்க எதுக்கு?”

“ஆயுத பூசைக்கு வருசா வருசம் வைப்போம்ல. மிஷின் பூரா சாம்பல் கலரு, பொட்டு எடுக்காது. இந்த எடந்தேன் வெள்ளையா இருக்கு.”

ஸ்டெல்லா அக்கா குறுக்கே வந்தார். “நான் ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போறவடா. ஆனா பூசைக்குப் பொட்டு வைக்கலேன்னா பாண்டியம்மா மறுநா மிஷின் பக்கம் வரமாட்டா. நானே பொரி கடலை வாங்கிக் கொடுத்துருவேன்.”

மெதுவாக உரித்தேன். அடியில் சின்னதாக ஒரு சன்னல், அதற்குள் நெல்மணி அளவில் எட்டு சுவிட்சுகள். எந்த வாசல் வழியாகப் பேச வேண்டும் என்று மிஷினுக்குச் சொல்கிற சுவிட்சுகள். எட்டும் சந்தனத்துக்குள் புதைந்திருந்தன. வருஷா வருஷம் ஈரச் சந்தனம் பிளாஸ்திரியின் ஓரமாகக் கசிந்து, உள்ளே இறங்கி, காய்ந்து, அடுத்த வருஷம் அதன் மேல் இன்னொன்று. கடைசிப் பூசைக்கு வைத்த ஈரம் நாலாவது சுவிட்சின் உள்ளேயே போய்ப் பச்சைக் களிம்பாகப் பூத்திருந்தது. அன்றிலிருந்து மிஷின் யாரும் நிற்காத வாசலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. எட்டு மாசம். பாவம், மிஷின்.

சுவிட்சுகளைச் சுத்தம்பண்ண வேண்டும். ஆனால் எது மேலே, எது கீழே என்று யாருக்குத் தெரியும்? அதற்குரிய புத்தகம் போன இடம் தெரியாது. என் கழுத்து நரம்பு புடைத்தது, தண்ணீர் வந்தது, குடித்தேன். பிறகு கத்தி முனையால் சந்தனத்தின் ஓரத்தை நெம்பினேன். கடலை மிட்டாய் மாதிரி ஒரே பாளமாகப் பெயர்ந்து வந்தது. திருப்பிப் பார்த்தால், அதன் வயிற்றில் எட்டுக் குழி. நாலு மேலே, நாலு கீழே. எந்த சுவிட்சு எங்கே இருந்தது என்று அச்சு அசலாக. சந்தனமே கெடுத்தது, சந்தனமே எழுதி வைத்திருக்கிறது. ஸ்பிரிட், பழைய பல் பிரஷ், ஒவ்வொரு சுவிட்சையும் நாற்பது தடவை மேலும் கீழும். பிறகு பாளத்தைப் பார்த்துப் பார்த்து அதே இடத்தில் நிறுத்தினேன். சாம்பிளை ஓட்டினோம். நாற்பது நிமிஷம் எல்லோரும் கம்ப்யூட்டரைச் சுற்றியே நின்றோம். ஐந்து மணிக்குக் கம்ப்யூட்டரில் முதல் வரி விழுந்தது, ரெண்டாவது விழுந்தது, பிறகு மழை மாதிரி. அஞ்சு பெண்களும் கைதட்டினார்கள். ஒருத்தி அழுதாள். நானும் முகம் கழுவப் போனேன்.

திரும்பி வந்ததும் பாண்டியம்மாவைப் பிடித்தேன். இதை ஒட்டினவன் உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லையா? சொன்னாராம். ‘இங்க பொட்டு வைக்காதீங்க’ என்றாராம். ‘பின்ன எங்கிட்டு வைக்க’ என்று இவர்கள் கேட்டார்களாம். அவர் பதில் சொல்லாமல் கோபமாக எழுதி ஒட்டிவிட்டுப் போய்விட்டாராம். நீயும் என்னை மாதிரிக் கோபக்காரன் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். “அப்புறமும் ஏன் அங்கேயே வச்சீங்க?” என்று கேட்டேன்.

“தொடாதேன்னுதான தம்பி எழுதியிருந்தாரு. நாங்க எங்க தொட்டோம், பொட்டுத்தான வச்சோம்.”

பொய்த் தேதி

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ரெண்டு பேர் வந்தார்கள். ஒருத்தர் போட்டோ எடுக்கிறவர். இன்னொருத்தர் கண்ணாடி போட்ட அம்மா, கையில் தடிப் பைல், வாயில் கேள்வி. ஏலக்காய்ச் சாம்பிளை அவரே பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பாண்டியம்மா ஓட்டினாள். திரையில் எண் வந்தது, கம்ப்யூட்டரிலும் அதே எண் வந்தது. எனக்குக் காற்றில் மிதக்கிற மாதிரி இருந்தது. அப்போதுதான் மேலே முதல் வரியைப் பார்த்தேன். மிஷின் தன் கணக்கில் தேதி போட்டிருந்தது. அதன் உள்ளே இருக்கிற பேட்டரி எந்தக் காலத்திலோ போய்விட்டது. தேதி முப்பது வருஷத்துக்கு முந்தையது. முதல்நாள் சந்தோஷத்தில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

பாண்டியம்மா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, “அப்பன்னா இந்தச் செடி இன்னும் மொளைக்கவே இல்லையே” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த அம்மா ஜன்னல் பக்கம் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா அக்கா என் காதுக்கு அருகே வந்தார். “டேய், வெரசா அந்தத் தேதியை மட்டும் மாத்திரு. ரெண்டு தட்டுத் தட்டுனாப் போதும். யாருக்குத் தெரியப்போவுது?” அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். கொச்சி, ஷட்டர், அஞ்சு பேர் எல்லாம் அந்த ரெண்டு தட்டில் இருந்தது. என் விரலும் பட்டனுக்கு மேலேதான் நின்றது.

ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று தெரியவில்லை. “முடியாதுக்கா. மிஷின் பொய் சொன்னா அந்தப் பொய்யை அப்படியே பிடிச்சு வைக்கிறதுதான் என் சோலி. அதைத் திருத்துறதுக்கு நீங்க பழைய நோட்டையே வச்சிருக்கலாம்” என்றேன். மெதுவாகச் சொல்வதாகத்தான் நினைத்தேன். எனக்கு மெதுவாகப் பேச வராது. ஜன்னல் பக்கம் போன் பேச்சு நின்றது. அந்த அம்மா வந்து திரையைப் பார்த்தார், பழைய தேதியைத் தொட்டார், வரிக்கு வரி ஓரத்தில் என் டப்பா தன் பங்குக்குப் போட்டிருந்த இன்றைய தேதியையும் நேரத்தையும் தொட்டார். பிறகு பைலைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

“பேட்டரியை மாத்திடுங்க. ஆனா இந்தப் பழைய தேதி இப்படியே இருக்கட்டும். இதைப் பார்த்துதான் மத்ததை நம்புறேன்.”

என் கையெழுத்து

ஸ்டெல்லா அக்கா எல்லோருக்கும் முட்டை போண்டா வாங்கிக் கொடுத்தார். என் போர்டு அதன் இடத்தில் நிற்கிறது. மிஷினுக்கு இனிமேல் பொட்டு எங்கே வைப்பது என்று பெரிய பஞ்சாயத்து நடந்து, கடைசியில் முன் கதவுக்கு என்று முடிவானது. அதற்காகவே வெள்ளைப் பெயிண்டில் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தேன்.

வெளியே எனக்கு வந்த ஜீப்பு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மலை மேல் இன்னொரு லேபில் இன்னொரு கிழம் ஊமையாகிவிட்டதாம். டப்பாவின் ஒயரை யாராவது பிடுங்கினால் எல்லாம் போச்சு என்று நினைத்து, அவசரமாக ஒரு துண்டு பிளாஸ்திரியில் ‘கழட்டாதே’ என்று எழுதி ஒட்டிவிட்டு ஓடினேன். வாசல் வரைக்கும் போயிருப்பேன். பின்னால் பாண்டியம்மா குரல்.

“ஏன்னு எழுதலையே தம்பி?”

ஆகவே, முகம் தெரியாதவனே, இப்போதாவது ஒரு சிவப்புப் பேனாவோடு வந்து, ராசிங்காபுரத்தில் ‘வேகம் மாறிவிடும்’ என்றும், போடிமெட்டில் ‘ஷாக் அடிக்கும்’ என்றும், ஸ்டெல்லா அக்காவின் மிஷினில் ‘பொட்டும் வைக்காதே’ என்றும் ஒவ்வொரு வரி சேர்த்துவிட்டுப் போ. நாலாவதாக ஒன்று இருக்கிறது, அது என் கையெழுத்து, அதை நானே பார்த்துக்கொள்கிறேன்.